நாலாம் நம்பர் கெத்தூரா

கெத்தூரா ஃபேரலுக்குப் பதினெட்டு வயது இருக்கும்போது பருத்தி அரவை ஆலையின் மேஸ்திரி ஒருவன் அவளைப் பொதிகளுக்கு நடுவில் மடக்கினான். அவள் கத்தவில்லை. அவனுடைய காது மடலைக் கடித்து எடுத்துத் தரையில் துப்பிவிட்டு, மறுபடி தன் எந்திரத்தின் முன்னால் போய் நின்றுகொண்டாள். பக்கத்து எந்திரம் என்னுடையது. முகவாயில் ரத்தம் இருக்கிறது, துடைத்துக்கொள் என்று நான் சைகை காட்டினேன்.

"கெடக்கட்டும் ஐவி. பாக்கறவன் பாக்கட்டும்" என்றாள்.

மேஸ்திரி அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. காது எப்படிப் போனது என்று முதலாளிக்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கும் அல்லவா. அன்று முதல் ஆலையில் யாரும் அவள் பக்கம் கையை நீட்டிப் பேசியதில்லை.

எங்கள் தீவின் ஹாரிஸ் கிராமத்தில் எங்கள் வீடுகள் இரண்டும் ஒரே மலைச்சரிவில் இருந்தன. அவளுடைய அப்பன் பெல்ட்டால் வளர்த்த பெண் அவள். பதினான்கு வயதில் அந்த பெல்ட்டை அவன் கையிலிருந்து பிடுங்கி அவன் தோளிலேயே ஒன்று வைத்தாள்; அதற்குப் பிறகு அந்த வீட்டில் பெல்ட் இடுப்பில்தான் இருந்தது. அடித்தால் அழுதுகொண்டு மூலையில் உட்காருகிற ரகம் இல்லை. வம்புக்குப் போகாதவள் என்றும் சொல்ல மாட்டேன். தெருக்குழாயடியில் வரிசை தாண்டி வந்த ஒருத்தியின் தாடையை வாளியாலேயே பெயர்த்தவள். ஆனால் எனக்குக் காய்ச்சல் கண்டபோது மூன்று நாள் என் எந்திரத்தையும் சேர்த்து ஓட்டியவளும் அவள்தான்.

இருபது வயதில் அவள் என் வீட்டுக்குப் பக்கத்தில் தனி வீடு எடுத்து அம்புரோஸ் ரைலியோடு சேர்ந்து வாழத் தொடங்கினாள். கல்யாணம், மோதிரம் ஒன்றும் இல்லை. எங்கள் ஊரில் பாதிப்பேர் அப்படித்தான். அம்புரோஸ் எங்கள் தீவின் தலைநகரான பிளிமத்தின் துறையில் படகுக்காரன். கப்பல்கள் கரைக்கு வராமல் தூரத்தில் நிற்கும். சரக்கைப் படகில் ஏற்றித் துடுப்புப் போட்டுக் கொண்டுவருவது அவன் வேலை. கிறிஸ்துமஸ் வந்தால் அவன்தான் வேஷக்கூத்துக்குத் தலைவன். மயிலிறகுத் தொப்பி, கம்பி வலை முகமூடி, கையில் பெரிய தோல் சவுக்கு. பத்தடி தூரத்தில் நிற்பவனின் வாயிலிருக்கும் சிகரெட்டை உதட்டில் படாமல் தட்டிவிடுவான். சவுக்கின் பிடி கருவேலம் போன்ற கனத்த மரம். முழங்கை நீளம் இருக்கும்.

அவர்கள் இருவரும் சண்டை போட்டால் சரிவில் எல்லோருக்கும் கேட்கும். ஒரு வாரம் அவள் கண் வீங்கியிருக்கும், மறுவாரம் அவன் நெற்றியில் கட்டு இருக்கும். சமமாகத்தான் போய்க்கொண்டிருந்தது என்று நாங்கள் சிரிப்போம். இப்போது நினைத்தால் அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

எங்கள் அப்பா காலத்தில் இங்கிலாந்துக்குப் போவதென்றால் கப்பலுக்குச் சீட்டு எடுத்தால் போதும். பிறகு அவர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள். சுதந்திரம் வாங்கிக்கொண்டு போன நாடுகளுக்கு ஒன்றும் கிடையாது; இன்னும் அவர்கள் கொடியை இறக்காமல் மிச்சமிருந்த துண்டுதுணுக்கு இடங்களுக்கு மட்டும் வருடத்துக்கு இருநூறு சொச்சம் வேலைச் சீட்டுகள். பந்தி முடிந்தபின் பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருப்பதைச் சுரண்டிப் பங்கு வைப்பதுபோல. நடுக்கடலில் கிடக்கும் ஒரு பாறைத்தீவுக்கு இத்தனை, பசிபிக்கில் யாருக்கும் பெயர் தெரியாத திட்டுகளுக்கு இத்தனை, சீனாவை ஒட்டியிருக்கும் நெரிசலான துறைமுகத்துக்கு இத்தனை. எங்களுக்கு வந்தது, எழுபத்து நாலாம் வருடத்தில், நான்கு. அதுவும் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்க, ஹோட்டலில் தட்டுக் கழுவ.

பன்னிரண்டாயிரம் பேருக்கு நான்கு சீட்டு. வானொலியில் எங்கோ ஒரு தீவு சுதந்திரம் கேட்கிறது என்று செய்தி வந்தால், ரம் கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் கைதட்டுவார்கள். சுதந்திரத்தின் மேல் ஆசையினால் அல்ல. அவர்கள் ஒழிந்தால் அவர்கள் பங்கு நமக்கு வரும் என்று.

மனுக்களைப் பிளிமத்தில் அரசாங்க அலுவலகத்தில் ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணியிலிருந்து வாங்குவார்கள் என்று அறிவிப்பு வந்தது. முதலில் வந்தவருக்கு முதல் எண். அன்றைக்கு அம்புரோஸுக்குக் கப்பல் வேலை இருந்தது. தன் மனுவையும் கெத்தூராவிடமே கொடுத்துவிட்டான். அவள் சேவல் கூவும்போதே கிளம்பி மலைப்பாதையில் இறங்கி, எட்டு மைல் நடந்து, நான்காவது ஆளாக வரிசையில் நின்றாள். குமாஸ்தா கையை நீட்டியதும் இரண்டு தாள்களையும் ஒன்றாகக் கொடுத்தாள். அவர் மேலே இருந்ததற்கு நான்கு என்றும் கீழே இருந்ததற்கு ஐந்து என்றும் முத்திரை குத்தினார்.

மேலே இருந்தது அவளுடையது.

இதை அவள் எனக்கு மட்டும் சொன்னாள், ஆலையில், எந்திரச் சத்தத்துக்கு நடுவில். வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்து இரண்டு தாள்களையும் மடியில் வைத்துப் பார்த்தாளாம். முதலில் அவனுடையதுதான் மேலே இருந்ததாம். மாற்றி வைத்துவிட்டு எழுந்து நடந்தாளாம்.

பட்டியலை அலுவலகக் கதவில் ஒட்டிய நாளில் நானும் அங்கே இருந்தேன். நானும் மனு போட்டிருந்தேன்; என் எண் பத்தொன்பது. ஆசைக்குக் கூட ஆகாத எண். முதல் நான்கு பெயர்களுக்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்கு மேலே கடைசிப் பெயர் கெத்தூரா. கோட்டுக்குக் கீழே முதல் பெயர் அம்புரோஸ். மேலே இருக்கும் யாராவது விலகினால், அல்லது மருத்துவப் பரிசோதனையில் தேறாமல் போனால், கீழே இருப்பவர் ஒரு படி ஏறுவார். பரிசோதனை இரண்டு வாரம் கழித்து, வியாழக்கிழமை.

துறைமுகத்துக் கூட்டாளிகள் அம்புரோஸைச் சும்மா விடவில்லை.

"உங்க வீட்டம்மா ஏணில ஏறிட்டா. நீ கீழ நின்னு ஏணியப் புடிச்சுக்கோ" என்றான் ஒருவன்.

"புடிச்சுக்கறதோட நிறுத்திக்கடா, அண்ணாந்து பாக்காத" என்றான் இன்னொருவன்.

அம்புரோஸும் சேர்ந்து சிரித்தான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். வாய் மட்டும்தான் சிரித்தது.

முதலில் அவன் நயமாகவே கேட்டான். ஆம்பிளை முன்னால் போய் இடம் பார்த்து வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டுக்கொள்வதுதான் முறை, அவள் விலகிக்கொண்டால் நான்காவது எண் தானாகத் தனக்கு வந்துவிடும் என்று பத்து நாள் சொல்லிப் பார்த்தான். அவள் பிடிகொடுக்கவில்லை. பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. தேவாலயம் முடிந்து எல்லோரும் வீடு திரும்பியிருந்தோம். அவர்கள் வீட்டு முற்றத்தில் கரியடுப்பின் மேல் ஆட்டுக்கறிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கிராம்பு வாசனை என் வீடு வரைக்கும் வந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு செம்பருத்தி வேலிதான். அவர்கள் பேசியது ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது.

"நான் போனா ஒரே வருஷத்துல உன்னைக் கூப்புட்டுக்குவேன்" என்றான் அவன்.

"உங்க அண்ணன் கர்ட்டிஸ் போயி பதினோரு வருஷம் ஆச்சு. அவன் பொண்டாட்டி இன்னும் தபால்காரன் வர்ற பாதையத்தான் பாத்துக்கிட்டு நிக்கிறா."

"நான் கர்ட்டிஸ் இல்ல."

"எல்லாக் கர்ட்டிஸும் போறப்ப அப்படித்தான் சொல்லிட்டுப் போனானுங்க."

 அவன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "கெத்தூ. அன்னிக்கு ரெண்டு பேப்பரையும் நீதானே குடுத்த. எது மேல இருந்துச்சு?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். குமாஸ்தா கலைத்துவிட்டார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவளுக்குப் பொய் வராது என்பதில்லை. அன்றைக்கு அவள் பொய் சொல்ல விரும்பவில்லை.

"என்னுது. நான்தான் மேல வெச்சேன்."

அவன் உள்ளே போய்ச் சவுக்கை எடுத்து வந்தான். நான் எழுந்து வேலியோரம் போய்விட்டேன். அவன் சவுக்கை வீசவில்லை. அதைப் பிடியைச் சுற்றிச் சுருட்டினான். அவளைப் பின்கழுத்தில் பிடித்துக் கவிழ்த்து, முதுகில் முழங்காலை ஊன்றி, வலது கையை இழுத்துக் கல்படியின் மேல் வைத்தான். பிடியின் அடிக்கட்டையால் மூன்று முறை குத்தினான், உரலில் மரவள்ளி இடிப்பதுபோல. மூன்று சத்தமும் மூன்று விதமாக இருந்தன. கெத்தூரா கத்தவில்லை, இடது கையால் அடுப்பை எட்டிப் பிடிக்கப் பார்த்தாள், எட்டவில்லை.

அவன் எழுந்து, மூச்சு வாங்க நின்றான். பிறகு ஒரு கிண்ணத்தை எடுத்து, கொதிக்கிற குழம்பை ஊற்றி, அந்தப் படியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டான். அவள் பக்கத்தில் மண்ணில் கிடந்தாள்.

நான் போய் அவளைத் தூக்கினேன். அவள் கை பூசணிப் பூப்போலத் தொங்கியது. நடுவிரலும் மோதிரவிரலும் போகக் கூடாத பக்கம் போயிருந்தன. ஒன்றை நான் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்தக் கையைப் பார்த்த கணத்திலேயே என் மனம் ஒரு கணக்குப் போட்டது: நாலு போனால் நான் பதினெட்டு.

ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றாள். வியாழக்கிழமை பரிசோதிக்கப் போகிறவரும் அதே டாக்டர்தான். கழுதைகளுக்கும் மனிதர்களுக்கும் எலும்பு கட்டுகிற ஜேப்பத் என்பவரிடம் அழைத்துப் போனேன். அவர் விரல்களை இழுத்து நேராக்கும்போது அவள் என் தோளைக் கடித்தாள். அந்தத் தழும்பு எனக்கு இன்னும் இருக்கிறது.

வியாழக்கிழமை காலை கட்டைப் பிரித்து எறிந்துவிட்டு, கையில் மாவு பூசி வீக்கத்தின் கருநிறத்தை மறைத்து, நீளக் கை வைத்த சட்டை போட்டுக்கொண்டு போனாள். நான் வாசலில் நின்றேன். கண் பார்த்தார்கள், நெஞ்சில் குழல் வைத்தார்கள், பல் பார்த்தார்கள். கடைசியில் டாக்டர் தன் இரண்டு விரல்களை நீட்டி, பலமாகப் பிடி என்றார். அவள் பிடித்தாள். பிடித்தே விட்டாள். ஆனால் அவளுடைய உதடு வெளுத்து, காதோரத்திலிருந்து வியர்வை ஓடியது. அவர் சட்டைக் கையை மெதுவாக மேலே தள்ளிப் பார்த்தார்.

"யார் செஞ்சது?" என்று கேட்டார்.

"விழுந்துட்டேன் ஐயா."

"எத்தனை தடவை விழுந்த?"

அவள் சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டாள். மூன்று மாதத்துக்குத் தகுதி இல்லை என்று எழுதினார். வேறு என்ன எழுதுவார். சீட்டுகளோ ஆறு வாரத்துக்குள் பயன்படுத்த வேண்டியவை. மறுநாள் கதவில் இருந்த தாளில் அவள் பெயரின் மேல் ஒரு கோடு விழுந்தது. அம்புரோஸ் ரைலி கோட்டுக்கு மேலே ஏறினான்.

அவன் அவள் வீட்டிலிருந்து தன் துணிமணிகளை எடுத்துக்கொண்டு தமக்கை வீட்டுக்குப் போய்விட்டான். கெத்தூரா ஆலைக்கு வந்தாள். எந்திரம் ஓட்ட முடியாது என்பதால் பொதிகளை இழுக்கும் வேலை கொடுத்தார்கள். பொதியை இழுக்க ஒரு கொக்கி உண்டு. மரப்பிடியில் வளைந்த இரும்பு, முனை ஊசி. அவள் இடது கையால் அதைப் பழகினாள். நான்கு வாரம். பொதி இல்லாத நேரத்திலும் பழகினாள். அவள் என்ன பழகுகிறாள் என்று ஆலையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒருவரும் அம்புரோஸிடம் போய்ச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அவன் விமானம் ஏறுவதற்கு முந்தைய நாள், சனிக்கிழமை நடுப்பகலில், ரம் கடை வாசலில் அவனுக்கு வழியனுப்பு வைத்தார்கள். புல்லாங்குழலும் பறையும் கொண்டுவந்திருந்தார்கள். அவன் மயிலிறகுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, கூட்டம் வட்டம் கட்டி நிற்க, சவுக்கைச் சொடுக்கி ஆடிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு சொடுக்குக்கும் துப்பாக்கி வெடித்ததுபோல மலையில் எதிரொலித்தது. கெத்தூரா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வட்டத்துக்குள் வந்தாள். கொக்கியைப் பாவாடை மடிப்பில் வைத்திருந்தாள்.

அவன் ஆட்டத்தை நிறுத்தவில்லை. "வழியனுப்ப வந்தியா கெத்தூ?" என்று கேட்டு, அவளுடைய காலடியில் ஒரு முறை சொடுக்கினான். புழுதி எழுந்தது. சிலர் சிரித்தார்கள். அவள் ஓர் அடி முன்னால் வந்தாள். இரண்டாவது சொடுக்கு அவளுடைய கன்னத்தைக் கிழித்தது. அவன் குறி தப்புகிறவன் இல்லை. பறையடிப்பவன் நிறுத்திவிட்டான். மூன்றாவது முறை சவுக்கு வந்தபோது அவள் மறுபடி கட்டுப்போட்டிருந்த வலது கையைத் தூக்கிக் கொடுத்தாள். தோல் வார் முழங்கை வரைக்கும் சுற்றிக்கொண்டது. உடைந்த கையோடு தன் முழு உடம்பையும் பின்னால் சாய்த்து இழுத்தாள். அவன் சவுக்கை விட்டிருக்கலாம். கூத்துத் தலைவன் கூட்டத்துக்கு முன்னால் சவுக்கை விடமாட்டான். தள்ளாடி அவளை நோக்கி வந்தான்.

அவள் குனிந்து கொக்கியை அவன் முழங்காலுக்குப் பின்னால் கொடுத்து, பொதியை இழுப்பதுபோல இழுத்தாள்.

அந்தச் சத்தத்தை நான் விவரிக்கப் போவதில்லை. அவன் விழுந்தான், தொப்பி உருண்டது. அவன் அலறியது தேவாலயம் வரை கேட்டதாகச் சொன்னார்கள். கெத்தூரா அவனுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அவ்வளவு மெதுவாகப் பேசினாள், முன் வரிசையில் நின்ற எங்களுக்கு மட்டும்தான் கேட்டது.

"மூணு மாசம்னு எழுதுவாரு. கேட்டுப் பாரு."

டாக்டர் மூன்று மாதம் எழுதவில்லை. முழங்காலுக்குப் பின்னால் இருக்கும் நரம்பு அறுந்துவிட்டது. அம்புரோஸின் கால் அதற்குப் பிறகு நேராகவே இல்லை. சீட்டு ஆறாம் எண்ணுக்குப் போனது. அவர் யோசுவா மீட், தேவாலயத்தில் ஹார்மோனியம் வாசிக்கிற, எறும்பை மிதிக்காத மனிதர். அவர்தான் கெத்தூராவுக்கு ஏதோ கொடுத்து ஏவிவிட்டார் என்று ரைலி வீட்டு ஆட்கள் கிளப்பிவிட்டு, பட்டப்பகலில் அவர் வீட்டைக் கல்லால் அடித்தார்கள். ஜன்னலை மூட வந்தவருக்கு வாயில் விழுந்தது ஒரு கல். முன்பல் இரண்டும் இல்லாமல், உதட்டில் பிளாஸ்திரியோடு லண்டனுக்கு விமானம் ஏறினார். என் எண் பதினேழு ஆனது.

வழக்கு பிளிமத்தில் நடந்தது. கொக்கியை எல்லோரும் பார்த்திருந்தார்கள். அதற்குச் சாட்சி நாற்பது பேர். படியின் மேல் வைத்துக் கையை உடைத்ததற்குச் சாட்சி நான் ஒருத்திதான். அதைச் சொன்னால் தண்டனை பாதியாகக் குறையும் என்று அவளுடைய வக்கீல் என்னிடம் வந்து சொன்னார். ரைலி வீட்டு ஆள் ஒருவனும் வந்தான். வாசலில் நின்று, என் கூரை ஓலை காய்ந்திருக்கிறது, நெருப்பு ஜாக்கிரதை என்று சொல்லிவிட்டுப் போனான். ஆனால் நான் பயந்தது நெருப்புக்கு அல்ல. வேலைச் சீட்டுக்குப் போலீசிடம் நன்னடத்தைச் சான்று வாங்க வேண்டும். அடிதடி வழக்கில் சாட்சி சொன்னவள் என்று ஏட்டில் ஏறிவிட்டால் கிடைக்குமா என்று யாருக்கும் தெரியவில்லை. நீதிபதி கேட்டபோது, சத்தம் கேட்டது, ஆனால் நான் எதையும் பார்க்கவில்லை என்று சொன்னேன்.

கூண்டிலிருந்து கெத்தூரா என்னைப் பார்த்தாள். முறைக்கக்கூட இல்லை. பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

பதினெட்டு மாதம் போட்டார்கள். சிறையில் ஒருத்தியின் விலாவை மிதித்து இன்னும் இரண்டு மாதம் சேர்த்துக்கொண்டாள். வெளியே வந்தபோது அவளுடைய வீட்டில் அம்புரோஸ் குடியிருந்தான், ஊன்றுகோலோடு. அவனுடைய மெத்தையையும் பானை சட்டியையும் சாலையில் வீசிவிட்டு, கடைசியில் அவனையும் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டு போய் அவற்றின் மேலேயே உட்காரவைத்தாள். அதற்குப் பிறகு அவன் குடித்தால் அவள் தகரக் கூரையில் கல் எறிவான்; அவள் மறுநாள் அவனுடைய தமக்கை வீட்டு ஜன்னல் ஒன்றை உடைப்பாள். அவன் கல்லீரல் கெட்டுச் சாகும்வரை இது நடந்தது. அடக்கத்துக்கு அவள் போகவில்லை.

இதற்கிடையில் எங்கோ இரண்டு தீவுகள் சுதந்திரம் வாங்கிக்கொண்டன. அவற்றின் பங்கில் எங்களுக்கு ஒரு வருடம் ஏழு வந்தது, அடுத்த வருடம் ஆறு. எழுபத்தேழில் என் முறை வந்தது. சான்று கிடைத்தது, கை பரிசோதனையில் டாக்டரின் விரலை இறுக்கிப் பிடித்தேன். பதினோரு வருடம் ஓர் ஆஸ்பத்திரியின் துணி வெளுக்கும் கூடத்தில் ரத்தத் துணிகளை அலசினேன்.

திரும்பி வந்து மூன்றாம் நாள் கெத்தூராவின் வீட்டுக்குப் போனேன். ஆலை மூடிவிட்டிருந்தது, அவள் சாலை போடும் கூலிகளுக்கு மேஸ்திரியாக இருந்தாள். கன்னத்துத் தழும்பு தடித்திருந்தது. வலது கையில் இரண்டு விரல்கள் உள்ளங்கைக்குள் மடிந்தே கிடந்தன. நான் பழத்தையும் ஒரு கம்பளிச் சட்டையையும் மேஜையில் வைத்துவிட்டு, அன்று கோர்ட்டில் பொய் சொன்னேன், எல்லாவற்றையும் பார்த்தேன் என்று ஆரம்பித்தேன். முடிக்கவில்லை. இடது கையால் அறைந்தாள். நான் சுவரில் மோதி நின்றேன். காதில் இன்றைக்கும் சில சமயம் ஒரு விசில் சத்தம் கேட்கும்.

அவள் நாற்காலியை என் பக்கம் தள்ளினாள். உட்கார்ந்தேன்.  அங்கே வேலை எப்படி என்று கேட்டாள். ஆவி பறக்கும் எந்திரங்களைப் பற்றிச் சொன்னேன். குளிரில் கை வெடித்ததை, பஸ்ஸில் பக்கத்தில் யாரும் உட்காராததை, தெருவில் ஒருவன் என் மேல் பாட்டிலை எறிந்ததைச் சொன்னேன். எதையும் விடாமல் கேட்டாள்.

"தனி ரூமா?"

"தனி ரூம்தான்."

"ஜன்னல் இருந்துச்சா?"

இருந்தது என்றேன். என்ன தெரியும் என்று கேட்டாள். ஒரு செங்கல் சுவரும், அதன் மேல் ஒரு புகைக்குழாயும், காலையில் அதில் வந்து உட்காரும் புறாக்களும் தெரியும் என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். வெளியே ஆடு கத்தியது. அதைக் கட்ட எழுந்து போனாள்.